ஆபத்தான ரோபோவிடமிருந்து சாதாரண மனிதர் தம்மைக் காத்துக்கொள்வது எப்படி?

கேள்வி – எழிலன்

வணக்கம் நண்பர்களே. நான்கு கால்களில் நடக்கும் ரோபோ ஒன்று படியேறுவதையும், உதைத்துத் தள்ளிய பிறகும் தானாகவே புரண்டு எழுவதையும் காட்டும் காணொளி ஒன்றைச் சென்ற வாரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் பன்னிரண்டு வயதான என் மகள், "இது நம்மைத் துரத்தினால் என்னப்பா செய்வது?" என்று கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். உண்மையில் என்னிடம் பதில் இல்லை. இணையத்தில் தேடியபோது, தண்ணீரை ஊற்றுங்கள், காந்தத்தைக் காட்டுங்கள், மின்காந்தத் துடிப்பை ஏவுங்கள் என்பது போன்ற யோசனைகளே திரும்பத் திரும்பக் கிடைத்தன. சினிமாவில் வேண்டுமானால் அவை பலிக்கலாம்.

உலகத்தை வெல்லப் புறப்படும் ரோபோப் படையைப் பற்றி நான் கேட்கவில்லை. பழுதாகிவிட்ட ஒரு ரோபோ, தவறாக நிரல் எழுதப்பட்ட ஒரு வாகனம், வேறொருவர் கைப்பற்றிவிட்ட ஒரு வீட்டு இயந்திரம், அல்லது வேண்டுமென்றே மனிதரை நோக்கி ஏவப்பட்ட ஒன்று ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் எதிரே, ஆயுதமோ பயிற்சியோ இல்லாத ஒருவர் நிற்க நேர்ந்தால் அவரால் உருப்படியாக என்ன செய்ய முடியும்? இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இருந்தால் விளக்கமாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 – பராமரிப்பாளன்

எழிலன் அவர்களுக்கு வணக்கம். தொழிற்சாலை ரோபோக்களைப் பராமரிக்கும் வேலையில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். "ரோபோ என்னைத் தாக்கினால்" என்று நீங்கள் கேட்பதை, "நான் இருப்பது ரோபோவுக்குத் தெரியாமல் போனால்" என்று மாற்றிக் கேட்டால் விடை சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படும் சாவுகள் எல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

1979 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ஃபோர்டு வார்ப்பட ஆலை ஒன்றில், அடுக்குகளில் இருந்த பாகங்களை எடுப்பதற்காக மேலே ஏறிய தொழிலாளி ஒருவரை, அதே வேலையைச் செய்துகொண்டிருந்த இயந்திரக் கை அடித்துக் கொன்றது. ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், ஜப்பானின் அகாஷி நகரில் இருந்த கவாசாகி ஆலையில் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் இறந்தார். அங்கே பாதுகாப்பு வேலி இருந்தது. அதன் கதவைத் திறந்திருந்தால் ரோபோவுக்குச் செல்லும் மின்சாரம் தானாக நின்றிருக்கும். அவர் கதவைத் திறக்காமல் வேலியைத் தாண்டி உள்ளே போனார். 2015இல் ஜெர்மனியின் பவுனட்டால் நகரில் உள்ள ஃபோக்ஸ்வேகன் ஆலையில் ரோபோவைப் பொருத்திக்கொண்டிருந்த இளைஞரை அது பிடித்து உலோகத் தகட்டோடு அழுத்தியது. 2023 நவம்பரில் தென்கொரியாவில் குடைமிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் ரோபோ ஒன்று, தன் உணரியைச் சோதிக்க வந்தவரையே பெட்டியாக எடுத்துக்கொண்டு, கடத்துப்பட்டையோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

இந்தச் சம்பவங்களில் கடைசி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உயிரைப் பறித்தது, ரோபோவுக்கும் அசையாத இன்னொரு பொருளுக்கும் இடையே மனிதர் சிக்கிக்கொண்டது. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்காக 2016இல் வெளிவந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற விதித்தொகுப்பும் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உடலின் 29 இடங்களுக்குத் தனித்தனியாக வலித் தாங்குவரம்பு குறித்திருக்கும் அந்த விதித்தொகுப்பு, தட்டிவிட்டு நகரும் மோதலுக்கு அனுமதிக்கும் விசையில் பாதியைத்தான் அழுத்திப் பிடிக்கும் தொடுகைக்கு அனுமதிக்கிறது. ஆகவே உங்கள் மகளுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம், அசையும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே, அதற்கும் தூணுக்கும் நடுவே, ஒருபோதும் நிற்கக் கூடாது என்பது. விலகி ஓட வழி இருக்கும் பக்கமாகவே நிற்க வேண்டும்.

இரண்டாவது, அசையாமல் நிற்கும் ரோபோவை நம்பக் கூடாது. அடுத்த பொருள் வந்து சேரட்டும் என்று அது காத்துக்கொண்டிருக்கலாம்; ஏதோ ஓர் உணரியில் தூசி விலகிய அந்த நொடியில் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் ஆலையில் புதிதாகச் சேர்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, "அது ஏன் நிற்கிறது என்று உனக்குத் தெரியுமா?" என்பதுதான். தெரியாது என்றால் வேலிக்கு வெளியே.

மூன்றாவதாகத் தூரத்தைச் சொல்ல வேண்டும். ஆள் குறுக்கே வந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் ஒளிக்கற்றைத் தடுப்பான பாதுகாப்பு ஒளித்திரையை எங்கே வைப்பது என்று கணக்கிடும்போது, மனிதர் நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நடந்து வருவார், கையை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீட்டுவார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ரோபோ முழுமையாக நிற்க அரை நொடி ஆகுமானால், நடந்து வருபவர் அதற்குள் 80 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடுவார். பொத்தானை அழுத்தினால் உடனே நின்றுவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்த அரை நொடியை மறந்துவிடுகிறார்கள்.

பொத்தான் என்றதும் இன்னொன்று. மஞ்சள் பின்னணியில் காளான் வடிவில் இருக்கும் சிவப்புப் பொத்தானே அவசர நிறுத்தம்; எந்த நாட்டு இயந்திரமானாலும் பெரும்பாலும் இந்த நிறங்கள்தான் இருக்கும். ரோபோ உள்ள எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், வேறெதையும் பார்ப்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால், அழுத்துவதோடு வேலை முடிந்துவிடாது. மின்சாரம் நின்றதும் மூட்டுகளில் உள்ள பிரேக்குகள் பூட்டிக்கொள்ளும். சிக்கியவர் சிக்கியபடியே இருப்பார். மின்சாரமின்றி மூட்டை நகர்த்துவதற்கான வழி ரோபோவில் இருந்தாக வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. பெரும்பாலும் அது பிரேக்கை விடுவிக்கும் ஒரு பொத்தான். ரோபோவின் கையைத் தாங்கிப் பிடிக்காமல் அந்தப் பொத்தானைத் தொட்டால், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அந்தக் கை தன் எடையாலேயே கீழே இறங்கி, சிக்கியவரை மேலும் நசுக்கும். இதைத் தெரிந்த ஒருவரை அழைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

பதில் 2 – கூர்நோக்கு

பராமரிப்பாளன் ஐயா எழுதியவற்றில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. எழிலன் குறிப்பிட்ட இணைய யோசனைகளைப் பற்றி மட்டும் சில வரிகள் எழுதுகிறேன்.

தண்ணீர் பெரும்பாலும் வீண். வெளியிடங்களில் வேலை செய்யும் ரோபோக்கள் மழைச் சாரலையும் தூசியையும் தாங்கும் விதமாகத்தான் தயாரிக்கப்படுகின்றன. பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் நாலுகால் ரோபோவான ஸ்பாட் ஐபி54 தரத்தைக் கொண்டது, அதாவது எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். காந்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் மோட்டார்களுக்குள்ளேயே நம் கையில் இருப்பதைவிட வலுவான காந்தங்கள் இருக்கும். மின்காந்தத் துடிப்பைச் சாதாரண மனிதர் உண்டாக்க முடியாது. ஒருவேளை முடிந்தாலும் பக்கத்தில் நிற்பவரின் இதயமுடுக்கி முதலில் நின்றுபோகலாம்.

இவற்றைவிட, ரோபோவுக்குப் பார்வையில் உள்ள பலவீனம் உண்மையானது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, மனிதர்களைக் கண்டறியும் ஒரு செயற்கை நுண்ணறிவு அமைப்பை மரைன் வீரர்களைக் கொண்டு பயிற்றுவித்துவிட்டு, அதே வீரர்கள் எட்டுப் பேரிடம், அதன் கண்ணில் படாமல் நெருங்கி வந்து அதைத் தொடும்படி சொன்னது. இருவர் முந்நூறு மீட்டர் தூரத்தைக் குட்டிக்கரணம் அடித்தே கடந்தார்கள். இருவர் ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு நகர்ந்தார்கள்; பெட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஒருவர் மரக்கிளைகளை உடம்பில் சுற்றிக்கொண்டு மரம்போல நடந்து வந்தார். எட்டுப் பேரில் ஒருவரைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. நடக்கும் மனிதரை மட்டுமே அதற்குக் காட்டிப் பழக்கியிருந்தார்கள் என்பதுதான் காரணம்.

இதைக் கேட்டதும் அட்டைப்பெட்டி வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். ஓர் அமைப்பை ஏமாற்றிய உத்தி இன்னோர் அமைப்பிடம் பலிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெப்பப் படக்கருவி வைத்திருக்கும் ஒன்றின் முன்னால் மரக்கிளை வேடத்துக்கு மதிப்பே கிடையாது. போதாக்குறைக்கு, உங்களை மனிதராக அடையாளம் காணாத ரோபோ உங்களுக்காக நிற்கவும் செய்யாது. நல்லெண்ணத்தோடு வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தின் முன்னால் ஒளிந்துகொள்வது நமக்கே ஆபத்து. தீய நோக்கத்தோடு ஏவப்பட்டதன் முன்னால்தான் ஒளிவது பயன் தரும். எதிரே இருப்பது எந்த வகை என்று அந்த நொடியில் எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை.

தப்பிக்க வழியே இல்லாதபோது அதன் பேட்டரியைக் குத்தி உடைத்துவிடலாம் என்பது என் கருத்து. பேட்டரி இல்லாத ரோபோ வெறும் இரும்புதான்.

பதில் 3 – பராமரிப்பாளன்

கூர்நோக்கின் கடைசிப் பத்தியை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லித்தியம் பேட்டரியைத் துளைத்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, ஒரு மின்கலத்தில் தொடங்கும் வெப்பம் அடுத்தடுத்த மின்கலங்களுக்குப் பரவி, நச்சுப் புகையும் தீயும் பீறிடும். அணைத்த பிறகும் மறுபடி பற்றிக்கொள்ளும். குத்துவதற்கு அருகில் போகும்போதே, விரல் ரோபோவின் மூட்டிடுக்கில் அகப்பட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு.

பேட்டரியைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது, அது தீரும் என்பது. ஸ்பாட் ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 90 நிமிடங்கள் இயங்கும். பூட்டிய அறைக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை வீரம் என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் பலன் தரும்.

பதில் 4 – எழிலன்

மிக்க நன்றி, இருவருக்கும். பராமரிப்பாளன் ஐயா சொன்னது வேலி போட்ட இடத்துக்குப் பொருந்துகிறது. தெருவில் வேலி கிடையாது. நடக்கும் ரோபோவிலும் ஓட்டுநர் இல்லாத காரிலும் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று வழிப்போக்கருக்குத் தெரியாது. அங்கே என்ன செய்வது?

பதில் 5 – தடம்

ஓட்டுநர் இல்லாத வாகனங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குழு ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டு விபத்துகளைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரில், இரவு நேரத்தில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவரை ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்பே அவர் இருப்பதை உணரிகள் கண்டுவிட்டன என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கண்டறிந்தது. கண்டது என்ன என்பதில்தான் மென்பொருள் தடுமாறியது. வாகனம், வேறொரு பொருள், மிதிவண்டி என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அதுவரை அவர் நகர்ந்து வந்த பாதையைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. அந்தக் காரைத் தயாரித்த வால்வோ பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதி, தானியங்கி ஓட்டத்தின்போது செயல்படாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புக்காக உள்ளே அமர்ந்திருந்தவரின் கண் சாலையில் இல்லை.

2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது வேறு மாதிரி. மனிதர் ஓட்டிய ஒரு கார் மோதியதால் தூக்கி எறியப்பட்ட பெண் ஒருவர், குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத வாடகைக் காரின் முன்னால் வந்து விழுந்தார். அந்தக் கார் அவரை மோதி நின்றது. பிறகு, விபத்து நடந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்த விதிப்படி, அவர் அடியில் கிடப்பதை உணராமல் ஏறத்தாழ 6 மீட்டர் தூரம் இழுத்துச் சென்றது. பாதுகாப்புக்காக எழுதிய விதியே காயத்தைப் பெரிதாக்கிவிட்டது. அதே மாதத்தில் அந்த நிறுவனத்தின் உரிமத்தைக் கலிபோர்னியா மாநிலம் நிறுத்திவைத்தது.

வழிப்போக்கர் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கார் உங்களைப் பார்த்துவிட்டது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. ஆகவே அது முழுவதும் நின்ற பிறகே கடக்க வேண்டும். மிதிவண்டியையோ பெரிய மூட்டையையோ தள்ளிக்கொண்டு போகும்போது நம் உருவம் இயந்திரத்துக்குப் பழக்கமில்லாத உருவமாகிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள். விபத்துக்குப் பிறகு நின்றுவிட்ட காருக்கு முன்னாலோ அடியிலோ உதவி செய்யப் போகிறவர், அது மறுபடி நகரக்கூடும் என்று எண்ணியே போக வேண்டும். முதலில் தொலைபேசி வழியே காவல்துறைக்கோ மீட்புப் படைக்கோ தகவல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நிறுவனத்தோடு தொடர்புகொண்டு வண்டியை முடக்கும் வழி அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

வேடிக்கையான ஒரு தகவலும் உண்டு. 2023இல் அதே சான் பிரான்சிஸ்கோவில், இந்தக் கார்களை எதிர்த்தவர்கள், சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றைக் காரின் முன்மூடியின் மேல் வைத்தே அவற்றை நிற்க வைத்தார்கள். புரியாத ஒன்று எதிரே இருந்தால் நகராதே என்று எழுதப்பட்ட வாகனம் அது. இதை நான் பரிந்துரைக்கவில்லை, உள்ளே பயணிகள் இருக்கலாம். ஆனால் அடக்கமாக வடிவமைக்கப்பட்ட ரோபோவை நிறுத்துவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நாலுகால் ரோபோவைப் பொறுத்தவரை, ஸ்பாட் 30 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. வேகம் நொடிக்கு 1.6 மீட்டர், அதாவது விறுவிறுவென்று நடப்பவரை அதனால் பிடிக்க முடியாது. சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் தன் பி2 ரோபோ நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் ஓடும் என்கிறது. அதன் எடை 60 கிலோ அளவில் இருக்கும். அதனிடமிருந்து நம்மில் பலரால் ஓடித் தப்ப முடியாது. கதவைச் சாத்திக்கொள்வதும், உயரமான சுவரையோ ஏணியையோ நாடுவதும்தான் வழி. ஸ்பாட்டின் பயன்பாட்டுக் கையேடே இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது. அந்த இரண்டு மீட்டரைக் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். 2022இல் மாஸ்கோவில் சதுரங்கம் ஆடும் ரோபோ, தன் முறை முடிவதற்குள் காயை நகர்த்த அவசரப்பட்ட ஏழு வயதுச் சிறுவனின் விரலைப் பிடித்து முறித்துவிட்டது. மேசைமேல் இருக்கும் சாதுவான கருவி என்று பெரியவர்கள் நினைத்ததுதான் அங்கே நடந்த தவறு.

பதில் 6 – வான்வெளி

வேண்டுமென்றே ஏவப்பட்ட இயந்திரத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. இன்றைய நிலையில் அது நாலுகால் ரோபோவாக இருக்கும் வாய்ப்பைவிட ட்ரோனாக இருக்கும் வாய்ப்பே பல மடங்கு அதிகம்.

சந்தையில் கிடைக்கும் சாதாரண ட்ரோன்கள் 2.4 அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கட்டுப்படுத்தப்படுகின்றன. தொடர்பு அறுந்தால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும், அல்லது அங்கேயே இறங்கும். இதைப் படித்துவிட்டு, அந்த அலைவரிசையைக் குழப்பித் தொடர்பை அறுக்கும் ஜாமர் கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்கள் பலர். பெரும்பாலான நாடுகளில் தனிமனிதர் அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம்; அவசர ஊர்திகளின் தகவல்தொடர்பையும் அது முடக்கிவிடும். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், அந்தக் காலம் கடந்துகொண்டிருக்கிறது. உக்ரைன் போரில் ஜாமர்கள் பெருகியதும், 2024 முதல் மெல்லிய ஒளியிழையைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் பெருமளவில் வந்துவிட்டன. கட்டளைகள் அந்த இழை வழியே செல்வதால் அவற்றுக்கு வானொலி அலையே தேவையில்லை. கடைசிச் சில நூறு மீட்டர்களைக் கட்டுப்பாட்டாளரின் உதவியின்றித் தானாகவே குறிபார்த்துக் கடக்கும் வகையும் உண்டு.

இவ்வளவு நுட்பத்துக்கும் எதிராக அங்கே மிகுதியாகப் பயன்படுவது வலை. சாலைகளுக்கு மேலேயும் இருபுறமும் கம்பங்கள் நட்டு, மீன்பிடி வலைகளைக் கட்டி, கிலோமீட்டர் கணக்கில் வலைக் கூடாரமே போட்டிருக்கிறார்கள். சுழலும் இறக்கை நூலில் சிக்கினால் எந்த மென்பொருளும் அதைக் காப்பாற்றாது. என்னைக் கேட்டால், இந்த உரையாடலில் பேசப்பட்ட எல்லாவற்றிலும் எழிலன் தேடும் "உருப்படியான" விடைக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

தனிமனிதர் செய்யக்கூடியது குறைவு, ஆனால் உண்டு. இரைச்சல் கேட்டதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு திறந்தவெளியில் நிற்கக் கூடாது. கூரையுள்ள கட்டடத்துக்குள், சன்னல்களை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். வாகனத்தில் இருப்பதைவிட இறங்கி மறைவிடம் தேடுவது நல்லது, ஏனெனில் குறிவைக்கப்படுவது பெரும்பாலும் வாகனம்தான். கீழே விழுந்து கிடக்கும் ட்ரோனைத் தொடவே கூடாது; வெடிபொருள் வெடிக்காமல் அதில் எஞ்சியிருக்கலாம். பக்கத்து வீட்டாரின் ட்ரோன் மொட்டைமாடிக்கு மேல் பறக்கிறது என்பதற்காகச் சுட்டு வீழ்த்துவதோ கல்லெறிவதோ கூடாது. பல நாடுகளில் சட்டம் அதை விமானமாகவே கருதுகிறது, விழும் இடத்தில் யார் இருப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

பதில் 7 – நெறியாளன்

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். சட்டத் துறையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தனிமனிதர் ரோபோவின் முன்னால் நிற்கும் அந்த நொடியில் அவருடைய பாதுகாப்பு ஏறக்குறைய முழுவதுமாக முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. வேலி, பொத்தான், வேகவரம்பு, ஒளித்திரை என்று பராமரிப்பாளன் அடுக்கியவற்றில் எதுவும் தொழிலாளி தன் கையால் கொண்டு வந்ததில்லை. அவை இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்று யாரோ விதி எழுதியதால் அங்கே இருக்கின்றன.

தானாகவே இலக்கைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களுக்கு அப்படிப்பட்ட விதி இன்னும் இல்லை. ஜெனீவாவில் 2014 முதல் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. எல்லா நாடுகளும் ஒப்பினால்தான் முடிவு என்ற நடைமுறையால் அது நகரவில்லை. 2024 டிசம்பரில் ஐநா பொதுச்சபையில் இது குறித்த தீர்மானத்தை 166 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, பெலாரஸ், வடகொரியா ஆகிய மூன்று மட்டும் எதிர்த்தன. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்று 2026க்குள் வேண்டும் என்று ஐநா பொதுச்செயலாளர் வலியுறுத்தினார். கண்ணிவெடியும் மனிதரைப் பார்க்காமல் கொல்லும் தானியங்கி ஆயுதமே. அதற்கு எதிரான 1997ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பெரிய வல்லரசுகள் சில சேரவில்லை, ஆனாலும் அதன் பயன்பாட்டையும் விற்பனையையும் அது வெகுவாகக் குறைத்தது. ஆகவே எல்லோரும் சேராத ஒப்பந்தம் வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

நிறுவனங்களின் வாக்குறுதியை இதே தராசில் வைக்க மாட்டேன். 2022 அக்டோபரில் பாஸ்டன் டைனமிக்ஸ், யூனிட்ரீ உள்ளிட்ட ஆறு நிறுவனங்கள் தங்கள் பொதுப்பயன்பாட்டு ரோபோக்களில் ஆயுதம் பொருத்த மாட்டோம் என்ற வெளிப்படையான கடிதம் ஒன்றில் கையெழுத்திட்டன. நல்லதுதான். வாங்கியவர் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கடிதத்தால் என்ன செய்ய முடியும்?

வீட்டு ரோபோக்களைப் பற்றி எழிலன் கேட்டதற்கும் ஒரு வார்த்தை. 2024இல் அமெரிக்காவில் சில வீடுகளில், தரை துடைக்கும் ரோபோக்களை யாரோ தொலைவிலிருந்து கைப்பற்றி, அவற்றின் ஒலிபெருக்கி வழியே வீட்டாரை வசைபாடினார்கள். 2017இலேயே, பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிறிய பொம்மை ரோபோ ஒன்றைக் கைப்பற்றி, திருப்புளியால் தக்காளியைக் குத்த வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கேமராவும் சக்கரமும் உள்ள எதையும் வீட்டு வைஃபையில் கணினி, கைபேசி ஆகியவற்றோடு ஒன்றாக இணைக்காமல், விருந்தினருக்கென்று உள்ள தனி இணைப்பில் விடுங்கள். வந்தபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். புதுப்பிப்புகளை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் ரோபோவைப் பணம் கொடுத்து வாங்கினோமே என்பதற்காக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

காயம் பட்டுவிட்டால் சான்றுகளைப் பற்றி உடனே யோசிக்க வேண்டும். ரோபோவின் நினைவகத்தில்தான் உண்மை இருக்கும். அதைத் தொடக்க நிலைக்குத் திருப்பவோ, "சோதித்துத் தருகிறோம்" என்று சொல்லும் தயாரிப்பாளரிடம் எழுத்து மூலமான ஒப்புகை இல்லாமல் ஒப்படைக்கவோ கூடாது. நேரத்தையும், அது நின்ற நிலையையும், மின்னிய விளக்குகளையும் படம் எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் வந்த புதிய பொருள் பொறுப்புச் சட்டம், மென்பொருளையும் பொருளாகவே கருதுகிறது. தவறு நிரலில்தான், இயந்திரத்தில் இல்லை என்று சொல்லி நழுவும் வழி அங்கே அடைபடுகிறது. மற்ற நாடுகளிலும் அது வர வேண்டும்.

பதில் 8 – எழிலன்

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நிற்காதே என்பதையும், இரண்டு மீட்டர் கணக்கையும் மகளிடம் சொன்னேன். அவள் வீட்டில் இருக்கும் அளவுநாடாவை எடுத்து இரண்டு மீட்டரைத் தரையில் குறித்துப் பார்த்துவிட்டு, தான் நினைத்ததைவிட அது அதிகம் என்றாள். பிறகு கேட்ட கேள்விக்கு மறுபடி எனக்கு விடை தெரியவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தியவரே அதை மறுபடி இழுத்து விட்டுவிட்டால், ரோபோ உடனே பாய்ந்துவிடாதா?

பதில் 9 – பராமரிப்பாளன்

நல்ல கேள்வி, எங்கள் ஆட்களில் சிலரே இதைக் கேட்டதில்லை. முறையாக அமைத்த இயந்திரத்தில் பொத்தானைத் திருப்பி விடுவித்தால் ரோபோ நகரக் கூடாது. மறுபடி ஓடுவதற்குத் தனியாக இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டளைக்கான பொத்தானை வேலிக்கு வெளியே, உள்ளே இருக்கும் மூலைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்பார்கள். ரோபோவுக்கு அருகில் நின்று அதை நகர்த்திப் பயிற்றுவிப்பவரின் கையில் உள்ள சாதனத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அதன் விசையைப் பாதியளவு அழுத்திப் பிடித்திருந்தால் மட்டுமே, அதுவும் நொடிக்கு 25 சென்டிமீட்டருக்கு மேற்படாத வேகத்தில், ரோபோ அசையும். விட்டுவிட்டாலும் நிற்கும், இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். பயந்தவர் கையை விட்டுவிடுவார் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்பவர்களும் உண்டு என்று தெரிந்த பிறகு அந்த மூன்றாவது நிலையைச் சேர்த்தார்கள். மகளிடம் இதையும் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.